தாமதமாக வரும் சிரிப்பு

எங்கள் தெருவில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி முடித்துக்கொள்வேன். வெள்ளைக்காரர்கள் எங்கெங்கே சிரிக்கிறார்கள் என்று கேட்டுக் குறித்து வைக்கிறேன் என்று உண்மையைச் சொன்னால், "அதுக்கும் சம்பளமுங்களா?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது.

பீளமேட்டில் ஒரு பழைய மில்லின் மதிலை ஒட்டிய கட்டடத்தில் எங்கள் அலுவலகம். வெளிநாட்டுப் படங்களுக்கும் தொடர்களுக்கும் தமிழில் சப்டைட்டில் போடுகிறோம். காது கேளாதவர்களும் பார்ப்பார்கள் என்பதால் பேச்சை மட்டும் எழுதினால் போதாது. கதவு சாத்தும் சத்தம், தூரத்து நாய், பின்னால் யாரோ சிரிப்பது என்று காதில் விழுவதையெல்லாம் அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். ஹெட்போனை மாட்டி உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் எனக்குத் தெரியாது.

சென்ற வருடம் ஒரு அமெரிக்கச் சிரிப்பு நடிகரின் மொத்தப் பிழைப்பும் என் தலையில் வந்து விழுந்தது. ஒரு நடிகருக்கு ஒரே ஆள் என்பது எங்கள் அலுவலக வழக்கம். கை மாறினால் அவர் பேசும் தமிழும் மாறிவிடும். ஒரு படத்தில் "போங்க" என்றவர் அடுத்ததில் "போய்த் தொலை" என்பார். ஆகவே வாலிபத்தில் அவர் நடித்த டிவி தொடரில் ஆரம்பித்து, வயதாகி நடித்த கடைசிப் படம் வரை வரிசையாக நானேதான் பார்க்க வேண்டும். ஒல்லி ஆள், நீளக் கழுத்து. இல்லாத நாற்காலியில் உட்காரப் போய் விழுவது அவருடைய முத்திரை. டாக்டராக வந்தாலும் திருடனாக வந்தாலும் ஓரிடத்தில் விழுந்துவிடுவார். எனக்கு முதல் நாளே அவரைப் பிடிக்கவில்லை. விழுந்து காட்டிச் சம்பாதிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான்.

"சிரிக்கத் தெரியாதவளாப் பாத்துக் குடுத்திருக்காங்க பாரு" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்திருப்பார், குரல் இருந்திருந்தால்.

அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தின் அடியில் ஒரு துவாரம் இருக்கிறது. மூச்சு போய்வருவது அதன் வழியாகத்தான். தூசி போகாமலிருக்க மேலே மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டிக்கொள்வார். பேசுவதற்கு டார்ச் லைட் மாதிரி ஒரு மிஷின் உண்டு. அதைத் தாடைக்குக் கீழே அழுத்திக்கொண்டு வாயசைத்தால் ஏற்ற இறக்கம் இல்லாத ஒரு குரல் வரும். "சோறு போடு அம்மணி" என்பதும் "பக்கத்து ஊட்டுல எழவு" என்பதும் அதில் ஒன்றுபோலத்தான் கேட்கும். அந்த மிஷினால் சிரிக்க முடியாது.

சிரிப்புதான் அவரிடத்தில் விசேஷம். சொந்தக்காரர்கள் அவரை ட்யூப்லைட் என்பார்கள். எல்லாரும் சிரித்து ஓய்ந்து, அடுத்த பேச்சுக்குப் போன பிறகு இவருக்கு விளங்கும். போர் மோட்டார் தண்ணீர் எடுப்பதற்கு முன்னால் காற்று வாங்குமே, அதுபோல் முதலில் ஒரு நீண்ட இழுப்பு. பிறகு விட்டு விட்டு வெடித்துக் கிளம்பும். கடைசியில் "ம்ம்ம்" என்று, ஏதோ கணக்குச் சரியாக இருக்கிறது என்பதுபோல் ஒரு முடிப்பு. மோட்டார் பம்ப் கம்பெனியில் அவர் வேலை பார்த்த பகுதியில் இரைச்சலுக்கு நடுவிலும் அது தனியாகக் கேட்கும் என்பார்கள்.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் குரலைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். பொள்ளாச்சியிலிருந்து அவருடைய அக்கா வந்துவிட்டார். ஹாலில் அவரை உட்காரவைத்து எதிரில் போனை நீட்டினோம். அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்தவர் மாதிரி, "வந்திருக்கற சொந்தபந்தம் எல்லாத்துக்கும் வணக்கமுங்க. நான் நல்லா இருக்கறனுங்க. நீங்களும் நல்லா இருக்கோணுமுங்க" என்று ஆரம்பித்தார். எங்கள் பக்கத்து மரியாதை, ஆளைச் சாகக்கூட இயல்பாக விடாது. மகள் பெயரைச் சொல்லச் சொன்னோம், சொன்னார். என்னை அம்மணி என்று கூப்பிடச் சொன்னார் அவர் அக்கா, வெட்கப்பட்டுக்கொண்டே கூப்பிட்டார். சிரியுங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. அன்றைக்கு யாருக்குத்தான் சிரிப்பு வரும்.

பிறகு தேடினேன். கல்யாண வீடியோவில், மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்தவள் செய்கிற இணைச்சீர்ச் சடங்கின்போது, அவர் அக்கா இவர் காதில் ஏதோ சொல்ல, சுற்றியிருப்பவர்கள் சிரித்து முடித்த பிறகு இவர் வாயை அகலத் திறந்து சிரிக்கிறார். ஆனால் வீடியோக்காரர் அந்த வீடியோ முழுக்க சினிமாப் பாட்டை ஏற்றிவிட்டார். அந்தக் காலத்தில் எல்லாக் கல்யாணத்திலும் அப்படித்தான் செய்தார்கள், நாமும் நன்றாயிருக்கிறது என்றோம். அவர் வாய் திறக்கிறது, வயலின் வருகிறது. அந்த வீடியோக்காரரை நான் திட்டாத திட்டில்லை.

இந்த நிலையில்தான் அந்த நடிகரின் முதல் தொடரைப் பார்க்க உட்கார்ந்தேன். பழைய தொடர். ஒவ்வொரு விகடத்துக்கும் பின்னணியில் கூட்டம் சிரிக்கும். நடிகர் நாற்காலி இல்லாத இடத்தில் உட்கார்ந்து விழுந்தார். கூட்டம் சிரித்தது. அடங்கியது. அவர் எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொள்ளும்போது, எல்லாருக்கும் பிந்தி, ஒரே ஒரு ஆள் சிரித்தார். முதலில் காற்று வாங்கும் அந்த இழுப்பு. பிறகு வெடிப்பு. பிறகு "ம்ம்ம்".

ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

அந்தத் தொடர் எடுக்கப்பட்டபோது என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடமே போயிருக்க மாட்டார். அடுத்தடுத்த பகுதிகளிலும் அந்தச் சிரிப்பு வந்தது. நடிகர் வேறு தொடருக்குப் போனார்; அங்கேயும் வந்தது. நான் எழுதுவதைச் சரிபார்க்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள், என்னைவிட இளையவள், காது கூர்மை. அவளைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தேன்.

"ஆமாங்க்கா, ஒருத்தர் மட்டும் லேட்டாச் சிரிக்கறாரு" என்றாள். "அந்தக் காலத்துல சிரிப்பைத் தனியாப் பதிஞ்சு வெச்சுக்கிட்டு எல்லாத் தொடருக்கும் அதையே போடுவாங்களாமுங்க்கா. இதுல சிரிக்கறவங்க பாதிப்பேரு இப்ப உசுரோட இருக்க மாட்டாங்க."

அவள் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. மனிதரைப்போல் மனிதர் இருப்பதில்லையா, சிரிப்பைப்போல் சிரிப்பு இருந்துவிட்டுப் போகட்டும். நடிகர் விழுகிற இடத்துக்கு ஆசையாகக் காத்திருக்க ஆரம்பித்தேன். அவரைக்கூடப் பிடித்துப்போயிற்று.

ஒரு நாள் அந்தத் துண்டை மட்டும் போனில் எடுத்துவந்து, சிங்காநல்லூரில் எங்கள் வீட்டு ஹாலில், அவர் காதருகே வைத்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டார். மிஷினைத் தாடையில் வைத்தார்.

"ஆரு அது?" என்றார்.

"யாரோ வெள்ளைக்காரனுங்க" என்றேன். அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். தன் சிரிப்பு எப்படி இருக்கும் என்று யாருக்குமே தெரியாது போலிருக்கிறது. இந்த உலகத்தில் அதை அடையாளம் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருத்திதான் என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது.

நடிகர் தொடர்களை விட்டுச் சினிமாவுக்கு வந்தார். சினிமாவில் பின்னணிச் சிரிப்பு கிடையாதே, இனி வராது என்று நினைத்தேன். வந்தது. ஒரு படத்தில் சர்க்கஸ் கூட்டத்துக்கு நடுவே, இன்னொன்றில் ரயில் பெட்டியின் மறுகோடியில். நடிகருக்கு முன்மண்டை வழுக்கையாயிற்று, தொப்பை விழுந்தது, அப்பா வேடங்கள் வந்தன. அந்தச் சிரிப்பும் மாறிக்கொண்டு வந்தது. அதில் ஒரு கரகரப்பு ஏறியது.

அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். எப்போதோ பதிந்து வைத்த சிரிப்புக்கு எப்படி வயதாகும்? அந்தக் கரகரப்பு எனக்குத் தெரிந்தது. நோய் என்று தெரிவதற்கு முந்தைய வருடம் இவருக்கு வந்ததும் அதுவேதான். சளி என்று நினைத்துத் தூதுவளை ரசம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பிற்காலத்தில் அந்த நடிகர் விழுவதை நிறுத்திவிட்டார். ஒரு படத்தில் கொலைகாரனாக நடித்தார். ஓட்டலில் தனியாக உட்கார்ந்து, கொல்லப்போகிற ஆளுக்காகக் காத்திருக்கிறார். சிரிக்க அதில் ஒன்றுமில்லை. ஆனால் எங்கோ பின்மேசையில் ஒருவர் தாமதமாகச் சிரித்தார். சிரிப்பு முடியாமல் இருமலாக இழுத்தது. இவருக்கு அதே இருமல் வந்த பிறகுதான் நாங்கள் டாக்டரிடம் போனோம். சரிபார்க்கிற பெண்ணும் கேட்டாள். "பின்னாடி ஆரோ சிரிச்சு இருமறாங்க, அதையும் போட்டுருங்க்கா" என்றாள். போட்டேன்.

மிச்சம் இருந்தது நடிகரின் கடைசிப் படம் மட்டும். அடுத்த வாரம் இவருக்கு ஸ்கேன். நோய் திரும்ப வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக வழக்கமாக எடுப்பது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியாதா? படித்தவள்தான், சகுனம் பார்க்கிறவர்களை வாய் கிழியக் கேலி செய்கிறவள்தான். ஆனாலும் கடைசிப் படத்தில் அந்தச் சிரிப்பு வராவிட்டால் என்ன செய்வேன் என்ற பயம் வந்துவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை. படத்தை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டேன். ஒரு நடிகருக்கு ஒரே ஆள் என்று என் வாயையே அடைத்தார்கள்.

தனியாகக் கேட்கத் தைரியம் இல்லாமல், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஒரு மத்தியானத்தில், ஹெட்போன் இல்லாமல் அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டேன். அரிசிம்பருப்பு சாதத்தைக் குழையப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். மிஷினை டீப்பாயில் வைத்தார்.

நடிகர் கிழவராகியிருந்தார். பெண்டாட்டி செத்துப்போய் ஒற்றையாக வாழ்கிறவர் வேடம். படம் ஓடிக்கொண்டே இருந்தது. காற்று, கரண்டிச் சத்தம், கடிகாரம், அவ்வளவுதான். சிரிப்பு இல்லை. முடியப்போகும் நேரத்தில் அவர் சாப்பாட்டு மேசைக்கு வருகிறார். நாற்காலியை இழுக்கிறார். அது அங்கேதான் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கிறார். மெல்ல உட்காருகிறார். விழவில்லை. உட்கார்ந்துவிட்டு, யாரும் சிரிக்கவில்லையே என்பதுபோல் நிமிர்ந்து பார்க்கிறார்.

படத்தில் அமைதி. வேறு காட்சி வந்துவிட்டது.

அப்போது என் காதோரத்தில் அந்த இழுப்பு கேட்டது. பிறகு வெடித்தது. கரகரப்பும் இருமலும் இல்லாமல், கல்யாணமான புதிதில் நான் கேட்டதுபோல், முழுசாக. கடைசியில் "ம்ம்ம்".

திரும்பினேன். அவர் தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, வாயைத் திறந்துகொண்டிருந்தார். கழுத்துத் துணி படபடத்தது. துவாரத்திலிருந்து வெறும் காற்று வந்துகொண்டிருந்தது.

"கேட்டுச்சுங்களா?" என்றேன்.

மிஷினைத் தேடி எடுத்துத் தாடையில் வைத்தார். "என்னது?"

அந்த இடத்தில் சிரிப்பு என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் சரிபார்க்கிற பெண் போனில் கூப்பிட்டாள். "அக்கா, இந்த எடத்துல ஒண்ணுமே இல்லீங்களே. சத்தத்தைக் கூட்டி வெச்சும் பாத்துட்டேன்." நானும் ஹெட்போனில் கேட்டேன். அவள் சொன்னது சரி. அதை எடுத்துவிட்டேன். ஆக, படத்தில் அந்தச் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

ஸ்கேனுக்கு அவரைக் கூட்டிப்போனபோது நான் பேயறைந்தவள் மாதிரி இருந்தேன். அவர்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "இப்போதைக்கு ஒண்ணுமில்லீங்க" என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது. பஸ்ஸில் வரும்போது அந்த 'இப்போதைக்கு' மட்டும் கூடவே வந்தது.

இப்போது அந்த நடிகரின் படங்கள் வீட்டு டிவியிலேயே கிடைக்கின்றன. இவருக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. மத்தியானம் சாப்பிட்டானதும், "அந்தாளைப் போடு அம்மணி" என்று மிஷின் கேட்கும். போட்டுவிட்டு இரண்டு பேரும் உட்காருவோம். சத்தத்தை முழுக்க நிறுத்திவிடுவேன். ஏன் என்று அவர் கேட்டதில்லை, சப்டைட்டில் இருக்கிறதே என்று நினைத்துக்கொள்கிறார். நடிகர் சத்தமில்லாமல் விழுவார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். சத்தம் இருந்தால் இவர் சிரிப்பது எனக்குக் கேட்பதில்லை.