எந்தக் காத்துலயும் பூக்கும்

"தண்ணியே வேணாங்கா, இந்த ஆவாரை எந்தக் காத்துலயும் பூக்கும்" என்றார் டோல்கேட் நர்சரிக்காரர். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

சிறுவயதில் எண்ணூரில், எங்கள் வாசலில் அம்மா ஆவாரை வளர்த்தாள். ஆலைச் சாம்பல் படிந்து மல்லியும் முருங்கையும் கருகின. அது மட்டும் மஞ்சளாகப் பூத்தது. தங்கைக்கு ஓயாமல் மூச்சு இழுத்தது. தெருவே புகார் எழுதியது.

விசாரிக்க வந்த அதிகாரி பூவைப் படமெடுத்தார். "நல்லாத்தானே பூக்குது? காத்துல என்ன குறை?"

அம்மா தங்கையை இழுத்து நிறுத்தினாள். "செடி எல்லாத்தையும் தாங்கும். எம் பொண்ணு இன்னா செடியா? இத்த எடு சார் போட்டோ!"

அவர் ஜீப்பில் ஏறிவிட்டார். அம்மா செடியை வேரோடு பிடுங்கி ஜீப்புக்குள் எறிந்தாள். "நல்லா பூக்குதுன்னியே, எத்துகினு போ!"

நான் செடி வாங்காமல் திரும்பினேன். இன்னும் அதே தெருவில்தான் குடியிருக்கிறோம். இன்று காலை என் மகனும் இன்ஹேலரோடுதான் பள்ளிக்குப் போனான்.