அத்தை ரூமுக்கு வெள்ளை

போன வாரம், ஹெப்பாளில் பேரன் வாங்கியிருக்கும் ஃபிளாட்டுக்கு வர்ணம் பார்க்கக் கடைக்குப் போயிருந்தோம். கடைக்காரப் பெண் கலர் அட்டையை விரித்து, "ஆன்ட்டி, உங்க ரூமுக்கு நீங்களே சொல்லுங்க" என்றாள். மஞ்சள் மட்டுமே ஒரு பக்கம் முழுக்க இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்றான் பேரன். நல்ல பிள்ளை.

இப்போதைய பெயின்ட்டில் வாசனையே இல்லை. எனக்குப் புது வீடு என்றால் தொட்டியில் சுண்ணாம்பு கொதிக்கிற வாசனைதான். சுதந்திரம் வந்த புதிதில் அப்பா சரஸ்வதிபுரத்தில் வீடு கட்டினார். இனி ராஜாவும் பிரஜையும் ஒன்று என்று வருகிறவர்களுக்கெல்லாம் இங்கிலீஷில் பிரசங்கம் செய்வார், காப்பி ஆறிப்போகும். அந்த ஜோரில் ஒருநாள், "அவாவா ரூமுக்கு அவாவாளே கலர் சொல்லலாம்" என்று அறிவித்துவிட்டார்.

வெள்ளையடிக்க வந்தவர் கொள்ளேகாலத்துக்காரர். சுண்ணாம்பில் பொடி கலந்து, ஒவ்வொரு அறைச் சுவரிலும் உள்ளங்கை அகலத்துக்கு மாதிரி பூசிக் காட்டுவார். ஹாலுக்கு இளம்பச்சை, சமையலறைக்கு நீலம். நான் அழுது புரண்டு ரோஸ் வாங்கினேன். இன்றுவரை எனக்கு ரோஸ் பிடிக்காது, அது வேறு விஷயம்.

கொல்லைப்பக்கத்துச் சின்ன அறை அத்தைக்கு. அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமான வருஷமே புருஷன் போய், வெள்ளைப் புடவையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். முப்பது வயதுகூட ஆகவில்லை. மூன்று வேளையும் எங்களுக்குப் பொங்கிப் போட்டாள்.

"உங்களுக்கு என்ன கலருங்கம்மா?" என்று கொள்ளேகாலத்துக்காரர் கேட்டார்.

அத்தை கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தாள். "மஞ்சள் இருக்கா?" என்றாள். அவர் பூசினார். அத்தை சிரித்தாள்.

சாயங்காலம் அப்பா அதைப் பார்த்துவிட்டு, "இது யார் கேட்டது?" என்றார்.

"உங்க தங்கைதான். கல்யாணப் பொண்ணுன்னு நெனப்பு" என்றாள் அம்மா.

"அவாவா ரூமுக்குன்னு நீதானே சொன்னே, அண்ணா."

"அவாவான்னா நீயுமா?" என்றார் அப்பா. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார். பிறகு வெள்ளையடிப்பவரிடம் திரும்பி, "இந்த ரூமுக்கு வெறும் சுண்ணாம்பு. அஷ்டே, அவ்வளவுதான்" என்று முடித்தார்.

மஞ்சளின் மேல் வெள்ளை ஏறியது. ஆனால் சுண்ணாம்புப் பூச்சு நனைந்தால் அடியில் இருப்பது தெரியும். சுவரைத் துடைத்தபோது அத்தை அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்ததும், சொம்புத் தண்ணீரைக் கையில் தொட்டு அந்த இடத்தில் மெல்லத் தடவுவாள். மஞ்சள் மேலே வரும். காயும்வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்கும் காட்டினாள். நான் யாரிடமும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுவர் ஊறிப் பொரிந்துபோயிற்று. புது வீட்டில் ஓதமா என்று அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்க்க வந்தார். அத்தையின் கை ஈரமாகச் சுவரில் இருந்தது.

அப்பா கத்துகிற ரகமில்லை. எங்களை ஒருநாளும் அடித்ததில்லை. மறுநாள் கொத்தனாரை வரவழைத்து, அந்த இடத்தைச் செங்கல் தெரியக் கொத்தி எடுத்து சிமெண்ட் பூசச் சொன்னார். விழுந்த காரையை அத்தைதான் பெருக்கி அள்ளினாள். மஞ்சள் ஒட்டிய துண்டுகளும் அதில் இருந்தன. அம்மா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கொட்டச் சொன்னாள்.

சிமெண்ட் இறுகத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று கொத்தனார் சொல்லிவிட்டுப் போனார்.

"அவளுக்குத்தான் தண்ணி தெளிக்கப் பிடிக்குமே" என்றார் அப்பா. "காலம்பறயும் சாயங்காலமும் தெளி. மறந்துடாதே."

அத்தை மறக்கவில்லை. காலையும் மாலையும் அதே சொம்போடு வந்து தெளித்தாள். நனைய நனைய சிமெண்ட் இன்னும் கறுத்தது. நான் அப்பாவை வெறுக்க ஆரம்பித்தது அந்த வாரத்தில்தான்.

இப்போது அந்த வீடு இல்லை. இடித்து அபார்ட்மென்ட் கட்டிவிட்டார்கள். அத்தையின் அறை இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். அப்பாவும் அம்மாவும் தம்பி வீட்டு ஹாலில் படமாக, சந்தன மாலையோடு இருக்கிறார்கள். அத்தையை யாரும் படம் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் அந்தக் காலத்துப் படம், கறுப்பு வெள்ளைதானே.