அடுப்பெரியாத ஞாயிறு

அந்த ஞாயிற்றுக்கிழமை வேன் குப்பத்துக்குள் நுழைந்தபோதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. வழக்கமாக மீன் பொரிக்கும் வாசனை தெருமுனையிலேயே வரவேற்கும். அன்று ஒரு வீட்டிலும் புகை இல்லை. படகுகள் எல்லாம் மணலில் கிடந்தன. மறைமலை நகர் தொழிற்சாலை ஒன்றின் அலுவலர்களைக் குடும்பத்தோடு நான்தான் அழைத்து வந்திருந்தேன். காலையில் படகுச் சவாரி, மதியம் மீனவர் வீடுகளில் சாப்பாடு. சுற்றிப் பார்க்க வருபவர்களின் காசு சமைக்கிற பெண்கள் கைக்கே போக வேண்டும் என்று, சேலையூரில் என் வீட்டுக்கும் கடற்கரைக்குமாக அலைந்து நான் உருவாக்கிய ஏற்பாடு.

அந்தப் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவர் மீன்கார அக்கா. தாம்பரம் மார்க்கெட்டில் கூடை வைத்து விற்றவர். வாய் நீளம், கை அதைவிடத் தாராளம். அன்று என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். விடியற்காலையில் ஊரில் ஒரு பெரியவர் இறந்திருந்தார்.

"பொணம் எடுக்காம எப்டிம்மா அடுப்பு பத்த வெக்கிறது?"

இறந்தவர் யார் தெரியுமா? வலை காயப்போடும் இடத்துக்காக அக்காவோடு வருடக்கணக்காகச் சண்டை போட்டவர். "அவர்கூடப் பேச்சுவார்த்தையே கிடையாதேக்கா!" என்றேன்.

"அதுக்கு? சோறு நாளைக்கும் துன்னலாம். அந்தாளு இன்னொரு வாட்டி சாவமாட்டான்."

கெஞ்சினேன், கத்தினேன். அக்கா மசியவில்லை. பசியில் அழுத குழந்தைகளோடு எல்லாரும் பக்கத்து ரிசார்ட்டுக்குப் போனார்கள். அதன் பிறகு அவர்கள் குப்பத்துப் பக்கம் திரும்பவில்லை. நான் அழைத்து வந்த மற்ற வாடிக்கையாளர்களும் ஒவ்வொருவராக ரிசார்ட்டுக்கே நகர்ந்தார்கள். கடைசியில் அக்காவும் மற்ற பெண்களும் அதே ரிசார்ட் சமையலறையில் சம்பளத்துக்குச் சேர்ந்தார்கள். எனக்கு மனசே ஆறவில்லை. பார்க்கும்போதெல்லாம், அந்த ஒரு நாள் விட்டுக்கொடுத்திருந்தால் என்ன என்று குடைவேன்.

"இன்னாம்மா, இன்னும் அத்தயே புட்ச்சிக்கினு கீற" என்று சிரிப்பார்.

போன மாதம், ஒரு ஞாயிறு காலை, நெஞ்சு வலியில் அக்கா போய்விட்டார். ஷாமியானாவுக்குக் கீழே பெண்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தலைமாட்டில் அழுதுகொண்டிருந்தவள் அந்தச் சண்டைக்காரப் பெரியவரின் மருமகள். அப்போது ரிசார்ட் மேனேஜர் வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். சமையலுக்கு ஒருத்தியும் வரவில்லையாம்.

"மேடம், எல்லா ரூமும் ஃபுல். ரெண்டு பேரையாவது அனுப்பச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

அக்கா மேல் எனக்கிருந்த கோபம் அப்போதும் தீரவில்லை.

"பொணம் எடுக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு உள்ளே போனேன்.