இரண்டாவது பொன்னாடை

பொள்ளாச்சியில் நடந்த கபடிப் போட்டிக்கு நான் ஸ்கோர் எழுதினேன். என் மேசையை ஒட்டி மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்ச். அதில் அவர் இருந்தார். உரல் மாதிரித் தொடை, முட்டியில் தழும்பு, காதோரம் நரை. ஒரு காலத்தில் அவர் பாடிப் போனாலே எதிரணி பின்வாங்கும். ஓய்வு பெற்றவர், மறுபடி ஆட வந்திருந்தார். சுவரொட்டியில் அவர் முகத்தைப் போட்டுக் கூட்டம் சேர்த்த நிர்வாகம், அவரைக் களத்தில் இறக்கவே இல்லை.

அவர் அணியில் யார் பாடிப் போனாலும், இவரும் பெஞ்சிலிருந்தே "கபடி கபடி" என்று முணுமுணுப்பார். போன ஆள் திரும்பிய பிறகுதான் மூச்சு விடுவார்.

இடைவேளையில் மேனேஜரிடம் கேட்டார்: "ஏனுங்க, ஒரே ஒரு ரைடு போயிட்டு வாரனுங்க."

"போன வருசமே பொன்னாடை போர்த்தி உங்கள அனுப்பிப்போட்டமுங்க. மறுக்கா எறக்குனா சனம் சிரிக்காதுங்களா?"

"அந்தப் பொன்னாடையத் திருப்பிக் குடுத்தர்றனுங்க."

மேனேஜர் மற்ற ஆட்டக்காரர்களிடம் போய்விட்டார்.

ஆட்டம் முடியும் தறுவாயில் கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. மேனேஜர் டைம் அவுட் கேட்டுவிட்டு அவரைக் கைகாட்டி அழைத்தார். இவர் துள்ளி எழுந்து கோட்டருகே ஓடினார். அங்கே அவருக்கு இன்னொரு பொன்னாடை போர்த்தினார்கள். கூட்டம் கைதட்டியது.

ஜெர்சிமேல் பொன்னாடையோடு வந்து உட்கார்ந்தார். அடுத்துப் பாடிப் போனவர் நடுக்கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் பிடிபட்டார். விசில் ஒலித்தது, தோற்றார்கள், விளக்குகளைக் கூட அணைக்க ஆரம்பித்தார்கள்.

பெஞ்சில் அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. இன்னும் மூச்சு விடவில்லை.