பீரங்கி வாங்கிய அடி

பீரங்கி என்ற பேர் அவனுக்கு மைதானத்தில் ஒட்டிக்கொண்டது. இரும்பாலையில் சம்மட்டி பிடிக்கிறவன். ஆலையின் கால்பந்து அணியில் அவன்தான் முன்னால் நின்று கோல் அடிப்பவன். பின்னாலிருந்து யாராவது பந்தைத் தூக்கி அடித்துவிட்டால் போதும். குறுக்கே நிற்கிறவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி, வலை கிழிகிற மாதிரி உதைப்பான். வழியில் எவன் மூக்கு உடைந்தது, எவன் முட்டி பெயர்ந்தது என்று திரும்பிப் பார்க்க மாட்டான். கோல் விழுந்தால் ஊரே அவனைத் தோளில் தூக்கிவைத்து ஆடும்.

அப்படியிருக்க, புதுக் கோச் ஒருவர் வந்து சேர்ந்தார். பந்தைத் தூக்கி அடிக்கிறவனை வெளியே உட்கார வைப்பேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பந்து தரையோடு, நம் காலோடு இருக்க வேண்டும். எதிராளி துரத்தித் துரத்தி நாக்குத் தள்ள வேண்டும். அதுவரை கோலுக்கு அவசரமே இல்லை என்பது அவர் கணக்கு. இந்த ஆட்டத்துக்கு நடுவில் அவர் நிறுத்தியது குருவியை. குருவி லேத் வேலைக்காரன், ஒல்லிப்பிச்சான், பீரங்கியின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி.

குருவி பக்கத்தில் கொடுப்பான், பின்னால் கொடுப்பான், திரும்ப வாங்குவான். முன்னால் நிற்கிற அக்கா புருஷனுக்கு மட்டும் பந்து வராது. பீரங்கிக்குக் கையைத் தூக்கிக் கேட்டுக் கேட்டுத் தோள் கடுத்துப்போனது. ஒரு நாள் கூட்டத்திலிருந்து எவனோ, பீரங்கிக்குத் துரு ஏறிடுச்சு என்று கத்த, அரங்கமே சிரித்தது.

அன்று ஆட்டம் முடிந்து, உடை மாற்றும் அறையில் குருவி குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். பீரங்கி உள்ளே வந்தான். பிடரியைப் பிடித்துத் தூக்கி, இரும்பு அலமாரிக் கதவில் அவன் முகத்தை மோதினான். மறுபடியும் மோதினான். நாலு பேர் சேர்ந்து பிரித்தபோது கதவு நெளிந்திருந்தது. குருவியின் மூக்கு ஒரு பக்கம் சாய்ந்து, முன்பற்கள் ரத்தத்தோடு தரையில் கிடந்தன. அவன் திருப்பி அடிக்கக் கையைக்கூட ஓங்கியிருக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்த் தம்பியைப் பார்த்துவிட்டு வந்த மனைவி அழவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அவன் எதிரே வந்து நின்றாள்.

"ஒரு பந்துக்கா? நாளைக்குச் சோத்துல உப்பு இல்லைன்னா எனக்கும் இதேதானா?"

அவள்மேல் அவன் ஒரு நாளும் கை வைத்ததில்லை. ஆனாலும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அதுதான் அவனை உலுக்கியது.

அணியில் எல்லோரும் அவனை விரட்டச் சொன்னார்கள். கோச் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உனக்கு அடிக்கத் தெரியுது, வாங்கத் தெரியல. எதிராளிங்க ரெண்டு பேர உன் முதுகு மேல இழுத்து வச்சுக்க. பந்து வந்தா நிறுத்தி, ஓடி வர்றவன்கிட்ட குடு. இடிப்பானுங்க, மிதிப்பானுங்க. நீ திருப்பிக் கை வச்ச அன்னிக்கே கெளம்பிரு."

பீரங்கி தலையாட்டினான். பயிற்சியில் அவன் பந்தை நிறுத்தினால் அது எங்கோ தெறித்து ஓடும். பொடிப் பையன்கள்கூட வாய்க்குள் சிரிப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். மூக்கு ஆறித் திரும்பி வந்த குருவி அவனோடு பேசவே இல்லை. ஆனால் அவன் உதைத்த பந்து மட்டும் நேராகப் பீரங்கியின் காலுக்கு வரத் தொடங்கியது.

அந்த வருஷப் போட்டியின் கடைசி ஆட்டம் கல்குவாரி அணியோடு. அவர்களுடைய தடுப்பாட்டக்காரன் ஒரு நெட்டையன். முதல் பந்திலேயே பீரங்கியின் கெண்டைக்காலில் பூட்ஸ் ஆணியால் கீறினான். அடுத்ததில் முழங்கை விலாவில் இறங்கியது. உள்ளே ஏதோ முறிந்த மாதிரி இருந்தது. மூச்சு விட்டால் கத்தி குத்தியது. பீரங்கி பந்தை நிறுத்தினான், கொடுத்தான், விழுந்தான், எழுந்தான். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். நடுவர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

அடி வாங்குகிறவன் எழுந்துகொண்டே இருந்தால் அடிக்கிறவனுக்குத்தான் கோபம் ஏறும். நெட்டையன் அவனை விட்டுவிட்டுக் குருவியிடம் போனான். பந்து வேறெங்கோ இருக்கும்போது, ஆறிய அந்த மூக்கிலேயே தலையால் முட்டினான். குருவி மண்ணில் உருண்டான். இந்தத் தடவை நடுவர் விசில் ஊதினார்.

பீரங்கி ஓடி நெட்டையனின் கழுத்தைப் பிடித்துவிட்டான். மற்றக் கை முஷ்டியாகி மேலே போனது. கூட்டம் எழுந்து நின்று, அடிடா என்று ஊளையிட்டது. அப்போது கீழேயிருந்து குருவி அவன் கால்சட்டையைப் பிடித்து இழுத்தான். வாய் நிறைய ரத்தம்.

"வேணாம் மச்சான். பந்து நம்மளது."

உடை மாற்றும் அறையில் நடந்ததற்குப் பிறகு அவன் பீரங்கியிடம் பேசிய முதல் வார்த்தை அது. பீரங்கி கையை இறக்கினான்.

நடுவர் இருவரையும் எச்சரித்துவிட்டுக் கொடுத்த ஃப்ரீ கிக் பந்தைக் குருவி மெல்ல உருட்டிவிட்டான். பீரங்கி கோலுக்கு முதுகு காட்டி வாங்கினான். நெட்டையனும் இன்னொருத்தனும் இரண்டு பக்கமும் பாய்ந்து, உடைந்த விலாவிலேயே இடித்தார்கள். விழுந்துகொண்டே பந்தைப் பின்னால் தள்ளினான். அவர்கள் இருவரும் விட்டுவந்த இடம் வெறிச்சென்று கிடந்தது. குருவி அந்த இடத்துக்குள் ஓடி, அலட்டாமல் மூலையில் தட்டிவிட்டான். பீரங்கி மண்ணில் முகம் புதைந்து கிடந்ததால் கோல் விழுந்ததைப் பார்க்கவில்லை. சத்தத்தை மட்டும் கேட்டான்.

ஆஸ்பத்திரியில் பீரங்கி விலாவில் கட்டோடு படுத்திருந்தபோது குருவி அக்காவோடு வந்தான். பீரங்கி மன்னிப்புக் கேட்டான். வார்த்தை தடுக்கித் தடுக்கி வந்தது. குருவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, அதெல்லாம் இப்போது என்னால் முடியாது, சீக்கிரம் எழுந்து வா என்று மட்டும் சொன்னான்.

அதற்குப் பிறகும் பல வருஷம் இருவரும் ஒன்றாக ஆடினார்கள். பீரங்கியின் கோல் கணக்கு பாதியாகக் குறைந்தது. அணி தோற்பது அரிதானது. அவன் மறுபடி யார்மேலும் கை ஓங்கவில்லை. குருவியோ அக்கா வீட்டு வாசற்படியை மிதிக்கவே இல்லை. அவள்தான் தம்பி வீட்டுக்குப் போய்வருவாள், தனியாக.