லேப்காரரின் இஞ்ச் டேப்

பாறசாலை சந்திப்பில் சின்ன லேப் வைத்திருந்தவர் அவர். பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. ஒல்லியான ஆள். தையல்காரரைப் போலக் கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கும். ரத்தம் எடுக்கும் முன் யாராக இருந்தாலும் வயிற்றை அளந்துவிடுவார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு காலை, வெறும் வயிற்றோடு மனைவியுடன் அங்கே போனேன். முந்தின நாள் ஸ்கேனில் என் ஈரலில் கொழுப்பு என்று எழுதியிருந்தார்கள். எங்கள் குளத்தூர்ப் பக்கத்தில் ஈரல் கெட்டது என்றால் குடி என்றுதான் அர்த்தம். நானோ சபைக் கமிட்டிக்காரன், கள்ளைக்கூடத் தொட்டதில்லை. சொல்லிப் பார்த்தேன், அவள் நம்பவில்லை.

அவர் டேப்பைச் சுற்றி அளவைப் பார்த்தார். "சாருக்க அம்மைக்கு சுகர் உண்டா?"

"உண்டு."

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "இவரு ஒளிச்சிருந்து குடிக்கியாராக்கும். அதைக் கேளுங்க."

அவர் சிரித்துவிட்டார். "குடிக்காத ஆளுக்கும் ஈரல்ல கொழுப்பு பிடிக்கும் அக்கா. மரச்சீனிக் கிழங்கும் சோறும் இனிப்புச் சாயயும் உக்காந்த இடத்துலயே உள்ள போனா, வயிறு வைக்கும், ஈரல்லயும் சேரும். பொறத்தால சுகரும் வரும்."

ஒரு மணி நேரத்தில் ரிசல்ட் வந்தது. சுகர் இருந்தது.

"ஆரம்பந்தான். வயிறு குறைஞ்சா ரெண்டும் குறையும்," என்றார்.

"சுகர்தானா! ஸ்தோத்திரம்!" என்று மனைவி கைகூப்பினாள். நானும் கூப்பினேன்.

பதினெட்டு வருடம் என்னோடு வாழ்ந்தவள் கேட்ட, குடிப்பதுண்டா என்ற கேள்வியை, அந்த மனிதர் ஏன் என்னிடம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்று இன்றும் யோசிக்கிறேன்.