கைலாசபுரத்து மைதிலி தீவுக்குப் போன கதை

திருச்சி கைலாசபுரம் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவள் மைதிலி. தெற்கே ஒரு தீவைப் புயல் துடைத்துப் போட்டதாகக் கேள்விப்பட்டதும் வெல்டிங் மெஷினையும் ஜெனரேட்டரையும் லாரியில் ஏற்றிவிட்டாள்.

"முட்டி வலியோட எங்கம்மா கிளம்புறீங்க?" என்று ஸ்ரீரங்கத்திலிருந்து ஓடிவந்தான் மகன் பாலமுரளி.

"வீட்டுல உக்காந்திருந்தாலும் அது வலிக்கத்தான்டா செய்யும்."

தீவில் செல்வமேரி என்ற மீனவப் பெண் பிள்ளைகளோடு தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தாள். மைதிலி இரும்புத் தூண்களை ஆழமாக நட்டு அவளுக்கு வீடு எழுப்பத் தொடங்கினாள். ஓர் அதிகாரி வந்து தடுத்தார். தீவைக் காலி செய்துவிட்டு எல்லோரும் டவுனில் அடுக்குமாடிக்குப் போய்விட வேண்டும் என்றார்.

"மாடியில படகை எங்க சார் கட்டுறது?" என்றாள் செல்வமேரி.

அவர் மைதிலியிடம் திரும்பினார். "வேலையை நிறுத்தலைன்னா உங்க மேல புகார் எழுதுவேன்."

"தாராளமா எழுதுங்க. பேரு மைதிலி, ஊரு திருச்சி."

வெல்டிங் முகமூடியை இறக்கிக்கொண்டு அவள் தூணைப் பற்றவைத்தாள். தீவுப் பெண்கள் வந்து அவளைச் சுற்றி நின்றார்கள். அதிகாரி படகேறிப் போய்விட்டார்.

புகாரின் பேரில் நோட்டீஸ் வந்தபோது ஒரு தெருவே எழும்பியிருந்தது. ஆண்கள் வலையைத் தைத்துக்கொண்டு கடலுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள்.

"வீடுகளைப் பிரிச்சுப் போடச் சொல்றாங்கக்கா" என்றாள் செல்வமேரி.

"பிரிக்க வரட்டும். நாம இங்கதானே இருக்கோம்" என்று மைதிலி அடுத்த தெருவுக்குத் தூண் அறுக்க உட்கார்ந்தாள்.